வலைத்தளத்தில் எழுத்துரு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

தளம் செய்பவர்களும் சரி, செய்யச் சொல்லிக் கேட்பவர்களும் சரி, எழுத்துரு பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் வருடக்கணக்காக மாறவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து படியுங்கள், கீழே வரும் பதில்கள் பலவும் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

என் கம்ப்யூட்டர்ல அழகா இருக்கு, நண்பர் போன்ல வேற மாதிரி தெரியுதாம். ஏன்?

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்தான் சிஎஸ்எஸ், அதில் நீங்கள் எழுதியது எழுத்துருவின் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரில் ஒரு எழுத்துரு பார்ப்பவரின் கருவியில் இருந்தால் உலாவி அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றும். உங்கள் கணினியில் என்றோ நிறுவிய எழுத்துரு இருக்கிறது, நண்பரிடம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

தமிழுக்கு ஒவ்வொரு கருவியிலும் ஒரு எழுத்துரு முன்கூட்டியே இருக்கும். விண்டோஸில் முன்பு லதா, விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா யுஐ. ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. இவற்றின் அகலம், உயரம், தடிமன் எல்லாம் வேறு வேறு. ஆகவே நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒரே பக்கம் மூன்று முகத்தோடு உலவும்.

அப்படி உலவினா என்ன குறைஞ்சிடும்? இருக்கறதே போதாதா?

பல நேரம் போதும். ஒரு படிவம், ஒரு உள்அலுவலகக் கருவி, அவசரமாகத் திறந்து பார்த்துவிட்டு மூடும் பக்கம் என்றால் கருவியில் இருக்கும் எழுத்துருவே மேல், தரவிறக்கச் செலவே இல்லை. நீளமாக வாசிக்க வேண்டிய தளம், அல்லது தனக்கென ஒரு முகம் வேண்டும் என்று நினைக்கும் தளம் என்றால்தான் தனி எழுத்துரு தேவைப்படுகிறது.

என் அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எந்த எழுத்துரு என்பதைவிட அதை எந்த அளவில், எவ்வளவு வரி இடைவெளியில், எவ்வளவு அகலத்தில் போடுகிறோம் என்பதுதான் வாசிப்பைத் தீர்மானிக்கிறது. அதிலும் நாம் படிக்கும் ஆலோசனைகள், மென்பொருள்கள் தரும் முன்னிருப்பு எண்கள் எல்லாமே ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வந்தவை. அதை அப்படியே தமிழுக்குப் போட்டுவிட்டு எழுத்துரு சரியில்லை என்று குறை சொல்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, எழுத்துருவை சைட்டோட சேர்த்து அனுப்பறது எப்படி?

எழுத்துருக் கோப்பை உங்கள் சர்வரில் வைத்து, சிஎஸ்எஸ்ஸில் @ஃபான்ட்-ஃபேஸ் என்ற விதியில் அதற்கு ஒரு பெயர் கொடுத்து, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். அப்புறம் வழக்கம்போல ஃபான்ட்-ஃபேமிலியில் அந்தப் பெயரை எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு மாற்று எழுத்துருவும், கடைசியில் சான்ஸ்-செரிஃப் (முனையில் சிறு கோடு இல்லாத வகை) அல்லது செரிஃப் (கோடு உள்ள வகை) என்ற பொதுப்பெயரும் இருக்கட்டும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு 2024-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து எழுத்துரு நூலகம் உள்ளேயே இருக்கிறது. உங்கள் தீம் அதை ஆதரித்தால் கோப்பைப் பதிவேற்றலாம், கூகுளின் இலவச எழுத்துருக் கிடங்கான கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து எடுத்து உங்கள் சர்வரிலேயே வைக்கவும் செய்யலாம். இதற்கென்று ஒரு பிளகின் போட வேண்டியதில்லை.

டிடிஎஃப், ஓடிஎஃப், இஓடி, வோஃப், வோஃப்2... எதை வெச்சுக்கணும்?

வோஃப்2 மட்டும். இவை எல்லாம் எழுத்துருக் கோப்பின் வகைகள், மற்றவை ஒரு காலத்துச் சண்டையின் மிச்சம். இஓடி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமானது, அந்த உலாவியே போய்விட்டது. வோஃப் 2012-இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாக ஆனது, வோஃப்2 2018-இல். வோஃப்2 பிராட்லி என்ற சுருக்கு முறையைப் பயன்படுத்துவதால் பழைய வோஃப்பை விடக் கணிசமாகச் சிறியது. உங்களிடம் டிடிஎஃப்தான் இருக்கிறது என்றால் மாற்றித் தரும் கருவிகள் நிறைய உண்டு, ஆனால் மாற்றுவதற்கு உரிமம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

நெட்ல இலவசமா கிடைக்கறதுதானே, அதுக்கு என்ன உரிமம்?

இந்தக் கேள்வியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இலவசமாகத் தரவிறக்க முடிகிறது என்பதும், தளத்தில் வைத்து ஊருக்கெல்லாம் விநியோகிக்க அனுமதி இருக்கிறது என்பதும் வேறு வேறு சங்கதி. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒரு வரி உரிமக் கோப்பில் ஒளிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியதிலும் இதே கதைதான்: கணினியில் நிறுவிப் படம் வரைய ஒரு உரிமம், வலைத்தளத்தில் ஏற்ற வேறு உரிமம். வலை உரிமத்தை மாதத்துக்கு இத்தனை பக்கப் பார்வை என்று கணக்கு வைத்து விற்பவர்களும் உண்டு.

தலைவலி வேண்டாம் என்றால் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற பெயரைத் தேடுங்கள். அதில் வந்த எழுத்துருவைத் தளத்தில் வைக்கலாம், மாற்றலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக்கூடாது. ஒதுக்கப்பட்ட பெயர் என்று ஏதாவது அறிவித்திருந்தால் நீங்கள் மாற்றிய வடிவத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த உரிமத்தில்தான் இருக்கின்றன.

கூகுள் ஃபான்ட்ஸ் லிங்கை அப்படியே போட்டுடலாமா, நம்ம சர்வர்லயே வைக்கணுமா?

சர்வரிலேயே வையுங்கள். எல்லாத் தளமும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் வாசகரின் உலாவியில் அது ஏற்கனவே சேமிக்கப்பட்டிருக்கும், வேகம் கூடும் என்று முன்பு ஒரு காரணம் சொல்வார்கள். குரோம் 2020-இல் இருந்து சேமிப்பைத் தளத்துக்குத் தளம் பிரித்து வைக்கிறது, சஃபாரி அதற்கும் முன்பே பிரித்துவிட்டது. ஆகவே அந்தக் காரணம் காலாவதி. இன்னொரு சர்வரைத் தேடிப் போய் இணைப்பு ஏற்படுத்தும் நேரம்தான் வீணாகிறது.

அந்தரங்கக் கோணமும் உண்டு. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகுள் ஃபான்ட்ஸை நேரடியாக இணைத்ததால் வாசகரின் ஐபி முகவரி அனுமதியின்றி கூகுளுக்குப் போயிற்று என்று சொல்லி, தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய வாசகர்கள் உள்ள தளம் என்றால் இதை மனதில் வையுங்கள்.

தமிழுக்கு எந்த எழுத்துரு நல்லது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

ஒன்று சொன்னால் அடுத்த வாரம் எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். தலைப்பில் பெரிதாகப் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த எழுத்துருவும் 60 பிக்சலில் அழகாகத்தான் இருக்கும். 16 பிக்சலில், போன் திரையில், ஒரு முழுப் பத்தியைப் போட்டுப் பாருங்கள். முதலில் புள்ளி. தமிழில் ஏராளமான எழுத்துகளின் தலையில் புள்ளி உட்கார்ந்திருக்கிறது, அது சின்ன அளவில் கரைந்தால் ‘கண்’ எது ‘கண’ எது என்று கண் தடுமாறும். அடுத்து இரட்டைப் பிறவிகள்: ர-வும் கால் எனப்படும் ா-வும் தெளிவாகப் பிரிகின்றனவா? ஐ-யும் ஜ-வும்? ஒற்றைக் கொம்பு ெ, இரட்டைக் கொம்பு ே? மேல் சுழி உள்ள கீ, இல்லாத கி? எ-வும் ஏ-வும் அந்த ஒரு சின்னக் கோட்டில்தான் வேறுபடுகின்றன, அது தெரிகிறதா?

அப்புறம் அபூர்வமாக வருபவை. ஸ்ரீ, க்ஷ, கௌ, ஞூ, ஜூ, றூ, ஹூ இத்தனையையும் தட்டிப் பாருங்கள். நல்ல எழுத்துரு என்று பெயர் வாங்கியதில்கூட இவற்றில் ஒன்று அரைகுறையாக வரைந்திருப்பார்கள். கடைசியாக எத்தனை தடிமன் இருக்கிறது என்று பாருங்கள், இது ஏன் முக்கியம் என்பது போல்டு பற்றிய கேள்வியில் வருகிறது.

இந்தச் சோதனைகளை வைத்துப் பார்க்கத் தொடங்க வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான கட்டுரைக்கு நான் கோட்டின் தடிமன் கூடிக் குறையும் செரிஃப் வகையைத்தான் விரும்புவேன், அது என் பழக்கம். கையெழுத்து மாதிரி வளைந்து நெளிந்தவற்றைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு சைட்ல எத்தனை எழுத்துரு போடலாம்?

இரண்டு. மூன்றாவது வேண்டும் என்று தோன்றினால் ஏற்கனவே இருப்பதன் தடிமனையும் அளவையும் மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஆசை அதிலேயே அடங்கிவிடும்.

அளவு எவ்வளவு வைக்கணும்? டிசைனர் 14 போதும்கறார்.

அவர் ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்திருப்பார். தமிழ் எழுத்துக்குள் சுழிகள் அதிகம். ண-வுக்குள் எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள், அவை எல்லாம் 14 பிக்சலுக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். உலாவிகளின் முன்னிருப்பு அளவு 16 பிக்சல், பத்திக்கு அதற்குக் கீழே போகாதீர்கள். நீள வாசிப்புக்கு 17, 18, சில எழுத்துருவுக்கு 19 கூட ஒத்துவரும்.

எழுதும்போது பிக்சலில் எழுதாமல், பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை வைத்துக் கணக்கிடும் ரெம் அலகில் எழுதுங்கள். பார்வைக் குறைபாட்டால் உலாவி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் பிக்சலில் கட்டிப்போட்டால் அவர்கள் வைத்த அமைப்பு உங்கள் தளத்தில் மட்டும் வேலை செய்யாது. திரைக்குத் தக்க வளரும் தலைப்புக்கு, குறைந்த அளவும் அதிக அளவும் வரையறுக்கும் கிளாம்ப் என்ற செயற்கூறு இருக்கிறது. அதில் திரை அகலத்தை மட்டும் நம்பாமல் ஒரு ரெம் மதிப்பையும் கூட்டி எழுதினால் பெரிதாக்கும்போது எழுத்தும் வளரும்.

மேல் வரியோட கால் கீழ் வரியோட தலையில இடிக்குது. என்ன பண்றது?

லைன்-ஹைட் என்ற வரி உயரம் 1.2, 1.3 என்று இருக்கும், போய்ப் பாருங்கள். ஆங்கில வடிவமைப்பிலிருந்து வந்த எண் அது. ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்துகள் நடுப்பட்டையிலேயே அடங்கிவிடும், தமிழில் மேலே புள்ளியும் கி, கீ-யின் வளைவும், கீழே மு, கூ, ழூ-வின் வாலும் என்று இரண்டு பக்கமும் நீள்கின்றன. பத்திக்கு 1.6-இலிருந்து 1.8 வரை வைத்துப் பார்த்து நிறுத்துங்கள். தலைப்புக்குக் குறைக்கலாம், ஆனால் 1.3-க்குக் கீழே போகும்போது இரண்டு வரித் தலைப்பாகப் போட்டுச் சோதியுங்கள். ஒரே வரியாக இருக்கும்வரை தவறு தெரியாது. இரண்டாம் வரி விழுந்த அன்றுதான் மேலே இருக்கும் ‘கூ’ கீழே இருக்கும் ‘ஷீ’யைக் குத்தும்.

எண்ணை அலகில்லாமல் வெறும் 1.7 என்று எழுதுங்கள். பிக்சலில் எழுதினால் உள்ளே இருக்கும் பெரிய தலைப்புக்கும் அதே இடைவெளி போய்ச் சேர்ந்து வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பொத்தான்கள், மெனுக்களில் உயரத்தைக் கட்டிப்போட்டு மிச்சத்தை மறைத்திருந்தால் புள்ளியோ வாலோ வெட்டுப்படும், அங்கே உயரத்தை விட்டுவிட்டு மேலும் கீழும் இடம் கொடுங்கள்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி கொடுத்தா ஸ்டைலா இருக்குமே?

ஆங்கிலத் தலைப்பில் இருக்கும். தமிழில் இடைவெளியைக் கழித்தால் கால் அடுத்த எழுத்தின் மேல் ஏறி உட்காரும். நிறையக் கூட்டினால் சொல் உதிர்ந்து எழுத்தாகிவிடும். சுழியத்திலேயே விடுங்கள். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் விதியையும் தமிழ்ப் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம், நமக்கு அது ஒன்றும் செய்வதில்லை.

ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும், ஜஸ்டிஃபை போடலாமா? போன்ல நீளமான சொல் வெளிய ஓடுதே, அதுக்கும் வழி சொல்லுங்க.

புத்தகத்தில் நேராக நிற்பதைப் பார்த்து வரும் ஆசை. அங்கே சொல்லை எங்கு உடைப்பது என்று அச்சுக்கோப்பவர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். உலாவி சொற்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை இழுத்து நிரப்புகிறது. தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரையில் ஒரு வரிக்கு மூன்றோ நாலோதான் வரும், இருக்கும் இரண்டு மூன்று இடைவெளியை இழுத்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இடப்பக்கம் நேராக, வலப்பக்கம் அதுபாட்டுக்கு விட்டுவிடுவதே உத்தமம்.

‘எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்று ஒரு சொல் தலைப்பில் வந்தால் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே போகும்தான். ஓவர்ஃப்ளோ-ராப் விதிக்கு எனிவேர் என்ற மதிப்பைக் கொடுத்தால், இடமே இல்லாதபோது மட்டும் உடைக்கும். எங்கே உடைய வேண்டும் என்று நீங்களே சொல்ல விரும்பினால் சொல்லுக்குள் மென் இணைப்புக்குறியை வையுங்கள். உடைந்தால் ஒரு கோடு வரும், தமிழ் அச்சில் பெரும்பாலும் கோடு போடாமலே சொல்லை உடைப்பது வழக்கம் என்பதால் அது கண்ணை உறுத்தும். ஹைஃபனேட்-கேரக்டர் விதிக்கு வெற்று மேற்கோளைக் கொடுத்தால் கோடு மறையும்.

வரி அகலம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிஹெச் என்ற அலகில் 65 என்று வைக்கச் சொல்வார்கள். அது 0 என்ற எண்ணின் அகலத்தை வைத்து அளப்பது, தமிழ் எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பெரிய திரையில் ஒரு வரியில் எட்டிலிருந்து பத்துச் சொல் வருகிற மாதிரி கண்ணால் பார்த்து ரெம்மில் நிறுத்துங்கள்.

தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தா ஒண்ணு பெருசா ஒண்ணு சிறுசா இருக்கு.

உலாவி எழுத்துருவை எழுத்துக்கு எழுத்து தேடும். ஃபான்ட்-ஃபேமிலி வரிசையில் முதலில் இருப்பதில் அந்த எழுத்து இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். தமிழ் எழுத்துருவை முதலில் எழுதினால் அதற்குள்ளேயே இருக்கும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் வந்துவிடும், அவை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆங்கில எழுத்துருவை முதலில் எழுதுங்கள், அதில் தமிழ் இல்லாததால் தமிழ் தானாக இரண்டாவதற்குப் போகும்.

அளவு ஒத்துவராவிட்டால் தமிழுக்கான @ஃபான்ட்-ஃபேஸ் விதிக்குள் சைஸ்-அட்ஜஸ்ட் என்று ஒரு சதவீதம் கொடுக்கலாம். 92 சதவீதம் என்றால் தமிழ் மட்டும் சற்றுச் சிறுக்கும், ஆங்கிலம் அப்படியே இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, தமிழ் ‘ப’வின் உயரம் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்துக்கும் பெரிய எழுத்தின் உயரத்துக்கும் நடுவில் எங்காவது வருமாறு நிறுத்துவேன். இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது.

போல்டு போட்டா அப்பிக்கிட்ட மாதிரி இருக்கு, இட்டாலிக் போட்டா சரிஞ்சு விழுது. ஃபான்ட் தப்பா?

ஃபான்ட் தப்பில்லை, அந்தத் தடிமனே அதில் இல்லை. மீரா இனிமை, பவனம் போன்றவை ஒரே தடிமனில் வருபவை. நீங்கள் 700 (போல்டின் தடிமன் எண், சாதாரணம் 400) கேட்டால் உலாவி இருப்பதையே கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை பூசியது போலத் தடிமனாக்கித் தருகிறது. ண, ழு, ஞ போன்றவற்றின் உள்ளே இருக்கும் துவாரங்கள் அடைபட்டுப் போகின்றன. உண்மையான 700 கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள், அல்லது பல தடிமன் உள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள்.

சாய்வெழுத்தும் இதே ஏமாற்றுதான், நேரான எழுத்தை உலாவி சாய்த்து வைக்கிறது. ஆங்கிலத்தில் இட்டாலிக்குக்கு என்று தனி வடிவ மரபு உண்டு, தமிழ் வாசகருக்குச் சாய்வு அவ்வளவு பழக்கமில்லை. அழுத்தம் வேண்டுமானால் தடிமன், நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபான்ட்-சிந்தசிஸ் விதியை நன் என்று வைத்தால் உலாவி இந்தப் போலிகளை உருவாக்காது, எங்கெல்லாம் கோப்பு விடுபட்டிருக்கிறது என்று உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும்.

பக்கம் திறந்ததும் எழுத்தே தெரியல, ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு பொசுக்குனு வருது.

எழுத்துரு வந்து சேரும்வரை உலாவி காத்திருக்கிறது, வழக்கமாக 3 விநாடி. ஃபான்ட்-டிஸ்ப்ளே என்ற விதியில் ஸ்வாப் என்று எழுதினால் மாற்று எழுத்துருவில் உடனே காட்டிவிட்டு, உண்மையானது வந்ததும் மாற்றும். ஃபால்பேக் என்றால் கிட்டத்தட்ட 3 விநாடிக்குள் வந்தால் மாற்றும், தாமதமானால் அந்த முறை விட்டுவிடும். ஆப்ஷனல் என்றால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால்தான் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளும். கட்டுரைப் பக்கத்துக்கு ஸ்வாப், வேகமே பிரதானம் என்றால் ஆப்ஷனல்.

முக்கியமான ஒன்றிரண்டு கோப்புகளை ப்ரீலோட் செய்யலாம், அதாவது முன்கூட்டியே இறக்கச் சொல்லலாம். அதில் கிராஸ்ஆரிஜின் என்ற பண்பைச் சேர்க்க மறக்காதீர்கள். கோப்பு உங்கள் சர்வரிலேயே இருந்தாலும் அது வேண்டும், இல்லையென்றால் ஒரே கோப்பு இரண்டு முறை இறங்கும்.

ஸ்வாப் போட்டேன், இப்போ படிச்சிட்டு இருக்கும்போதே பக்கம் குதிக்குது!

மாற்று எழுத்துருவும் உங்களுடையதும் வேறு அகலம் என்பதால் வரிகள் மறுபடி மடிகின்றன, பத்தி நீள்கிறது, கீழே இருப்பது தள்ளப்படுகிறது. ஆங்கிலத்தில் மாற்று எழுத்துருவுக்கு முன் சொன்ன சைஸ்-அட்ஜஸ்ட் கொடுத்து உங்களுடையதன் அளவுக்குக் கொண்டுவருவார்கள். தமிழில் முதல் பதிலில் சொன்ன மாதிரி மாற்று எழுத்துரு கருவிக்குக் கருவி மாறுவதால் நிர்மலாவுக்கு ஒன்று, தமிழ் சங்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி விதி எழுத வேண்டியிருக்கும். பொறுமை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் கோப்பைச் சிறிதாக்கி, ப்ரீலோட் செய்து, ஆப்ஷனலுக்குப் போய்விடுங்கள், குதியே இருக்காது.

கோப்பைச் சின்னதாக்கறேன்னு சப்செட் பண்ணினேன். கு, மு, நூ எல்லாம் பிஞ்சு பிஞ்சு தெரியுது.

சப்செட் என்பது வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கோப்பிலிருந்து கழற்றுவது. இந்தக் குழியில் நானே விழுந்திருக்கிறேன். எழுத்துருக் கோப்புக்குள் எழுத்து வடிவங்கள் மட்டும் இருப்பதில்லை, எது எதோடு சேர்ந்தால் எந்த வடிவமாக வேண்டும் என்ற விதிகளும் இருக்கின்றன. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 247 இடம் கிடையாது. ‘கு’ என்பது க, ு என்ற இரண்டு குறிகள்தான், அவற்றைச் சேர்த்து ‘கு’ என்ற ஒரே வடிவமாக்குவது எழுத்துருவுக்குள் இருக்கும் விதி. சப்செட் செய்யும்போது இடம் மிச்சம் பிடிக்க அந்த விதிகளைக் கழற்றிவிட்டேன். தளம் முழுக்க ‘குமுறல்’ என்பது க-வும் ம-வும் தனியாக, வால்கள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுமை என்னவென்றால் எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்தது, ஏனெனில் என் கணினியில் முழு எழுத்துருவும் நிறுவியிருந்தேன், சிஎஸ்எஸ்ஸும் முதலில் லோக்கல் என்று கணினியில் தேடச் சொல்லியிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு வாசகர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே ஃபான்ட்டூல்ஸ் போன்ற கருவியில் சப்செட் செய்யும்போது லேஅவுட் விதிகளை வைத்திருக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பகுதியோடு 200சி, 200டி என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் சேருங்கள். வேண்டாத மொழிகளை மட்டும் கழற்றினாலே போதும், தமிழ்ப் பகுதி பொதுவாகச் சில பத்து கிலோபைட்தான் வரும். தமிழையும் ஆங்கிலத்தையும் தனிக் கோப்பாக்கி, எந்த எழுத்துகளுக்கு எந்தக் கோப்பு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்ச் எழுதினால் பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் தமிழ்க் கோப்பு இறங்கும். சோதனைக்கு அந்த எழுத்துரு நிறுவாத கருவியைத்தான் எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தலைப்பை ஒவ்வொரு எழுத்தா பறந்து வர மாதிரி பண்ணினேன், நடுவுல புள்ளி புள்ளியா வட்டம் வருது.

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லைக் குறி குறியாக வெட்டுகிறது. ‘கோடை’ என்பதில் க, ோ, ட, ை என்று நான்கு துண்டு கிடைக்கும். ஒட்டிக்கொள்ள மெய்யில்லாமல் தனியே நிற்கும் ோ-வுக்கு உலாவி ஒரு புள்ளிவட்டத்தை வரைந்து, இங்கே யாரோ வர வேண்டியிருக்கிறது என்று காட்டுகிறது. இன்ட்ல்.செக்மென்டர் என்ற வசதி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும், ‘கோ’, ‘டை’ என்று இரண்டே துண்டு. ஆனால் அதுவும் க்ஷ-வை க், ஷ என்றும், ஸ்ரீ-யை ஸ், ரீ என்றும் பிளக்கும், அவை இரண்டையும் கையால் பிடித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். சொல் சொல்லாகப் பறக்கவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வேரியபிள் ஃபான்ட்னு சொல்றாங்களே, அது தேவையா?

எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில், நடுவில் 437 என்று கேட்டாலும் தரும். 2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நால்வரும் சேர்ந்து எழுத்துருக் கோப்பின் தரமான ஓப்பன்டைப் 1.8-இல் கொண்டுவந்தார்கள். அனேக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் மாற்றலாம், குறுகிய பெட்டிக்குள் நீளமான தமிழ்ச் சொல்லை அடக்க அது நிஜமாகவே உதவும். இரண்டு தடிமன் மட்டும் போதும் என்றால் இரண்டு சாதாரணக் கோப்புகள் சேர்ந்து இதைவிடச் சிறியதாக இருக்கலாம், அளந்து பாருங்கள். @ஃபான்ட்-ஃபேஸில் தடிமனை 100 900 என்று வீச்சாக எழுத மறந்தால் உலாவி 400 மட்டும் இருப்பதாக நினைத்து, மேலே சொன்ன போலி போல்டைப் போட ஆரம்பித்துவிடும்.

பழைய சைட் முழுக்க பாமினி ஃபான்ட்ல இருக்கு. அதையே வெப் ஃபான்டா ஏத்திட்டா போதாதா?

கண்ணுக்குப் போதும், மற்ற எதற்கும் போதாது. பாமினி போன்றவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு, அதன் மேல் தமிழ்ப் படம் வரையப்பட்டிருக்கிறது. தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம், திரைவாசிப்பான் அதை ஆங்கிலமாகவே உளறும், எழுத்துரு இறங்காத வாசகருக்கும் அதே உளறல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று லாங் பண்பில் குறிப்பிடவும் வேண்டும்.

மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றியபின்தான் உண்மையான வேலை. பழைய எழுத்துருக்களில் ர்-க்குக் காலையே எடுத்து மேலே புள்ளி வைத்துவிடும் பழக்கம் இருந்ததால் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்று வந்து நிற்கும். பல எழுத்துருவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் அவர்கள் என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. அதே மாதிரி ‘கௌரவம்’ கொம்பும் ள-வுமாகச் சேர்ந்து ‘கெளரவம்’ ஆகியிருக்கும். காலை அடுத்துப் புள்ளி வரும் இடங்களைத் தேடி ர் என்று மாற்றுவதைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாகச் செய்யலாம், ா-வுக்குப் பின் புள்ளி வரும் சொல்லே தமிழில் கிடையாது. கெள-வை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், ‘கெளுத்தி’ மீன் ‘கௌுத்தி’யாகிவிடும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.